மருந்துச் சீட்டில் கீரையும் கொய்யாவும்: பெங்களூரு வழிகாட்டுமா?

புதுதில்லி: "காய்கறி நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள், தினமும் கீரை சாப்பிடுங்கள், பழம் உண்ணுங்கள்." சர்க்கரை நோயாளிக்கும், ரத்தசோகையால் வாடும் கர்ப்பிணிக்கும் அரசு மருத்துவமனைகளில் நாள்தோறும் வழங்கப்படும் அறிவுரை இது. மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் மாத்திரையை அதே வளாகத்தில் உள்ள மருந்தகத்தில் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால், வாய்மொழியாகச் சொல்லப்படும் கீரைக்கும் பழத்துக்கும் நோயாளிதான் வழி தேட வேண்டும்.

அந்தக் காய்கறியையும் மருந்துச் சீட்டிலேயே எழுதி, அருகில் உள்ள கூட்டுறவுக் கடையில் இலவசமாகவோ சலுகை விலையிலோ பெற வழி செய்தால் என்ன என்ற கேள்வி உலகின் பல நாடுகளில் எழுந்துள்ளது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது சோதனை நிலையைக் கடந்து வளர்ந்து வருகிறது. இந்தியாவில் இதற்குத் தேவையான உறுப்புகள் ஏறத்தாழ அனைத்தும் ஒருங்கே அமைந்துள்ள நகரம் எது என்று பார்த்தால், அது பெங்களூருதான். ஆனால், அந்த உறுப்புகளை இணைக்கும் முயற்சிதான் இன்னும் அரசின் கொள்கையாக உருப்பெறவில்லை.

அறிவுரை இலவசம், காய்கறி விலைக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின்கீழ் ஹைதராபாதில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024 மே மாதம் இந்தியர்களுக்கான புதிய உணவு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதம் ஆரோக்கியமற்ற உணவுடன் தொடர்புடையது என்று அதில் கூறப்பட்டுள்ளது. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் உண்ண வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரை.

இந்தப் பரிந்துரையைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதத்துக்கு 48 கிலோ காய்கறியும், 12 கிலோ பழமும் தேவை. காய்கறி கிலோ சராசரியாக ரூ. 40 என்றும், பழம் ரூ. 80 என்றும் வைத்துக்கொண்டால்கூட மாதச் செலவு ரூ. 2,880 ஆகிறது. கர்நாடக அரசு 2023-ஆம் ஆண்டு முதல் "கிருஹலட்சுமி" திட்டத்தின்கீழ் குடும்பத் தலைவிக்கு வழங்கும் மாத உதவித்தொகை ரூ. 2,000. அதாவது, அந்தத் தொகை முழுவதையும் காய்கறிக் கடையில் கொடுத்தாலும் அரசு நிறுவனமே பரிந்துரைக்கும் அளவை எட்ட முடியாது. அரிசி, பருப்பு, எண்ணெய், வாடகை, பள்ளிச் செலவு ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு உள்ளிட்ட ஐந்து அமைப்புகள் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024-ஆம் ஆண்டில் இந்திய மக்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆரோக்கியமான உணவை வாங்கும் வசதி இல்லை. எனவே, ஏழைகள் காய்கறி உண்ணாததற்கு அறியாமையே காரணம் என்ற எண்ணம் முழு உண்மையன்று.

கர்நாடகத்தின் நிலை

தகவல் தொழில்நுட்பத் தலைநகரைக் கொண்ட மாநிலம் என்று பெருமை பேசப்படும் கர்நாடகத்தில், 2019-21 காலத்தில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 47.8 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்கு உள்பட்ட குழந்தைகளில் இது 65.5 சதவீதம். நான்காவது ஆய்வில் இந்த விகிதங்கள் முறையே 44.8 சதவீதமும் 60.9 சதவீதமுமாக இருந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் நிலைமை மோசமாகியிருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

மறுபுறம், சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் தலைமையில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோயும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. கிராமங்களைவிட நகரங்களில் பாதிப்பு அதிகம். ஒரே வீட்டில் தாய்க்கு ரத்தசோகையும் தந்தைக்கு சர்க்கரை நோயும் இருப்பது இன்று அரிதான காட்சியன்று. இரண்டு நோய்களும் ஒரே தட்டைச் சுட்டிக்காட்டுகின்றன. அதில் சோறு நிறைந்திருக்கிறது, காய்கறி குறைந்திருக்கிறது.

மங்களூரு மருத்துவர்களின் ஆய்வு

உணவை மருத்துவச் சிகிச்சையின் பகுதியாக வழங்கினால் பலன் உண்டா? இதற்கு இந்தியாவிலிருந்தே, அதிலும் கர்நாடகத்தைச் சேர்ந்த மருத்துவர்களிடமிருந்தே வலுவான சான்று கிடைத்திருக்கிறது. மங்களூருவில் உள்ள ஏனபோயா மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் அனுராக் பார்கவா தலைமையிலான குழு, சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து, ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஆய்வு நடத்தியது. 2,800 காசநோயாளிகளும், அவர்களது குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேரும் இதில் இடம்பெற்றனர்.

நோயாளிகள் அனைவருக்கும் அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் ஆகியவை அடங்கிய மாதாந்திரத் தொகுப்பு வழங்கப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும், குடும்பத்தில் உள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் தரப்பட்டன. அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய வகைக் காசநோயோ 48 சதவீதம் குறைந்தது. 30 குடும்பங்களுக்கு உணவளித்தால் ஒருவருக்குக் காசநோய் வராமல் தடுக்கலாம் என்பது அவர்களது கணக்கு. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் 5 சதவீதம் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைந்து காணப்பட்டது. 2023 ஆகஸ்டில் "லான்செட்" மருத்துவ இதழ்கள் இந்த முடிவுகளை வெளியிட்டன.

இதன் முக்கியத்துவத்தை உணர அறுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1950-களின் பிற்பகுதியில் சென்னையில் நடைபெற்ற புகழ்பெற்ற ஆய்வு, சானடோரியத்தில் சத்தான உணவுடனும் ஓய்வுடனும் இருந்த நோயாளிகளுக்கு இணையாக, வீட்டில் எளிய உணவுடன் இருந்தவர்களும் மருந்தால் குணமடைகிறார்கள் என்று காட்டியது. அதனால் லட்சக்கணக்கானோருக்கு வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறும் வழி பிறந்தது. பெங்களூருவில் 1959-இல் நிறுவப்பட்ட தேசிய காசநோய் நிறுவனம் அந்த வழியை நாடு தழுவிய திட்டமாக வடிவமைப்பதில் பெரும்பங்கு வகித்தது.

ஆனால் அந்த முடிவுக்கு, "மருந்து போதும்; உணவைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்ற பொருளும் நாளடைவில் கற்பிக்கப்பட்டுவிட்டது. மருந்து நோயைக் குணப்படுத்தும். நோய் பிறக்கும் சூழலை உணவுதான் மாற்றும் என்பதைச் சொல்ல அறுபது ஆண்டுகள் கழித்து மற்றோர் ஆய்வு தேவைப்பட்டது. காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் வழங்கி வந்த மாதம் ரூ. 500 உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் ரூ. 1,000 ஆக உயர்த்தப்பட்டது. நோய்க்கு உணவுச் செலவையும் அரசு ஏற்கலாம் என்ற கொள்கை இதன் மூலம் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

மிசிசிப்பியில் தொடங்கிய வழக்கம்

மருந்துச் சீட்டில் உணவை எழுதும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் ஜாக் கெய்கர். 1960-களில் மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பேயூ என்ற ஊரில், வறுமையில் உழன்ற கறுப்பின மக்களுக்காக அவர் சுகாதார மையம் ஒன்றை அமைத்தார். ஊட்டச்சத்தின்றி வந்த குழந்தைகளுக்கு அங்கிருந்த மருத்துவர்கள் சீட்டில் உணவுப் பொருள்களை எழுதிக் கொடுத்தனர். உள்ளூர்க் கடைகள் அவற்றை வழங்கின. செலவு மையத்தின் மருந்தகக் கணக்கில் எழுதப்பட்டது. வாஷிங்டனில் இருந்த அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, ஊட்டச்சத்துக் குறைவுக்கு உணவைத் தவிர வேறு மருந்து எது என்று கெய்கர் திருப்பிக் கேட்டார். அத்துடன் நில்லாமல், அப்பகுதி மக்களே காய்கறி பயிரிடும் கூட்டுறவுப் பண்ணை உருவாகவும் அந்த மையம் துணை நின்றது.

பின்னர், 2010-இல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனம் ஒன்று காய்கறி, பழங்களுக்கான சீட்டு முறையை ஒழுங்குபடுத்தித் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் அதற்கு அரசு நிதி ஒதுக்கப்பட்டது. லண்டனில் டவர் ஹாம்லெட்ஸ், லாம்பெத் ஆகிய பகுதிகளில் 2022-இல் இதேபோன்ற திட்டம் தொடங்கியது.

பலன் எப்படி? 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒன்பது திட்டங்களைச் சேர்ந்த சுமார் 3,900 பேரிடம் காய்கறி, பழம் உண்ணும் அளவு கூடியதும், ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் குறைந்ததும் பதிவாகியுள்ளது. ஆனால், அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. அதே ஆண்டின் இறுதியில் வெளியான மற்றோர் ஆய்வு, சர்க்கரை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் உணவுப் பொருள்களும் ஆலோசனையும் வழங்கியது. ஆறு மாத முடிவில் இரு பிரிவிலும் சர்க்கரை அளவு ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. எனவே, காய்கறிச் சீட்டு கொடுத்தாலே நோய் ஓடிவிடும் என்று பிரசாரம் செய்வது பொறுப்பற்ற செயலாகும். யாருக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு காலம் என்பதைச் சோதித்தறிந்தே திட்டமிட வேண்டும்.

பெங்களூருவிடம் இருப்பது என்ன?

காய்கறிச் சீட்டுக்கு மூன்று உறுப்புகள் தேவை: சீட்டு எழுதும் மருத்துவர், அதை ஏற்கும் கடை, கடைக்கு வரும் விளைபொருள். பெங்களூருவில் இம்மூன்றும் உள்ளன.

முதலாவது, "நம்ம கிளினிக்". ஏழைகளும் தினக்கூலிகளும் வாழும் பகுதிகளைக் கருத்தில்கொண்டு, வார்டுக்கு ஒன்று என்ற திட்டத்தில் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் இவை தொடங்கப்பட்டன. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை ஆகியவற்றுக்கான பரிசோதனையும் மருந்தும் இங்கு இலவசம்.

இரண்டாவது, "ஹாப்காம்ஸ்" என்று கர்நாடக மக்கள் அழைக்கும் தோட்டக்கலை உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். லால்பாக் தாவரவியல் பூங்காவோடும் மாநிலத் தோட்டக்கலைத் துறையோடும் பிரிக்க முடியாதபடி இணைந்த பெயரான டாக்டர் எம்.எச். மரிகௌடாவின் முயற்சியால், 1959 செப்டம்பரில் திராட்சை விவசாயிகளின் சங்கமாக இது பிறந்தது. பின்னர் எல்லாக் காய்கறி, பழங்களுக்கும் விரிந்தது. விவசாயி கொள்முதல் நிலையத்துக்கு நேரடியாகக் கொண்டு வருகிறார். சங்கம் எடைபோட்டு வாங்குகிறது. நாள்தோறும் ஒரே விலைப்பட்டியலை அறிவித்து, நகரெங்கும் உள்ள தனது கடைகளில் விற்கிறது. இடைத்தரகர் இல்லை. சீட்டுத் திட்டத்துக்கு இந்த ஒரே விலைப்பட்டியல் பெரும் வசதியாகும். கடைக்குக் கடை விலை மாறினால் அரசு எந்தக் கணக்கில் பணம் செலுத்துவது என்ற சிக்கல் இங்கு எழாது.

ஆனால், ஹாப்காம்ஸின் பொற்காலம் இன்று இல்லை. மெட்ரோ ரயில் பணிகள், சாலை விரிவாக்கம், பத்து நிமிடத்தில் வீடு தேடி வரும் இணைய வணிகம் ஆகியவற்றின் நெருக்கடியால் கடைகள் குறைந்துள்ளன. காய்கறிச் சீட்டு வந்தால், நோயாளிக்குக் கிடைக்கும் உதவி, விவசாயிக்கும் நலிந்து வரும் கூட்டுறவுக்கும் உறுதியான சந்தையாக அமையும்.

மூன்றாவது, விளைச்சல். கோலார், சிக்கபள்ளாபூர், தொட்டபள்ளாபூர், ஹொசகோட்டை, ஆனேக்கல் என்று நகரைச் சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள் உள்ளன. எல்லைக்கு இப்பால் தமிழகத்தின் ஒசூர், ராயக்கோட்டை பகுதிகளின் தக்காளியும் காய்கறியும் பெங்களூருவுக்குச் செல்கின்றன. காவிரி நீருக்காக இரு மாநிலங்களும் நீதிமன்றத்தில் நின்ற நாள்களிலும் இரு மாநில மக்களையும் இணைத்தவற்றில் காய்கறி லாரியும் ஒன்று. ஸ்ரீராமபுரம், அல்சூர் போன்ற பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கும் இதில் நேரடி அக்கறை உண்டு.

கீரை தூய்மையானதா?

இங்குதான் பெங்களூருவின் மிகக் கசப்பான உண்மை குறுக்கிடுகிறது. விருஷபாவதி ஆறு பல ஆண்டுகளாக நகரின் கழிவுநீர்க் கால்வாயாக மாறிவிட்டது. அந்த நீரைக் கொண்டே கீரையும் காய்கறியும் விளைவிக்கப்படுகின்றன. சுத்திகரிக்கப்பட்ட பெங்களூருக் கழிவுநீரைக் கோலார் மாவட்ட ஏரிகளில் நிரப்பும் திட்டம் 2018-இல் செயல்பாட்டுக்கு வந்தது. வறண்ட மாவட்டத்தில் நிலத்தடி நீர் உயர்ந்ததாக ஆதரவாளர்கள் கூறுகின்றனர். மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு இல்லாமல் விளைநிலத்துக்கு நீர் அனுப்பக் கூடாது என்று அங்குள்ள விவசாயிகளில் ஒரு பிரிவினர் தொடர்ந்து வலியுறுத்துகின்றனர். பெங்களூருச் சந்தைகளில் விற்கப்படும் காய்கறிகளில் கன உலோகங்கள் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருப்பதாக மாநில அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமே கண்டறிந்தது. இந்த விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் கவனத்துக்கும் சென்றது.

ஈயமும் காட்மியமும் கலந்த கீரையை ஒரு கர்ப்பிணிக்கு அரசு மருத்துவர் எழுதிக் கொடுக்க முடியாது. மாத்திரைக்குத் தரப் பரிசோதனை இருப்பதுபோல், சீட்டில் எழுதப்படும் காய்கறிக்கும் எந்த நிலத்தில், எந்த நீரில் விளைந்தது என்ற பதிவும் பரிசோதனையும் வேண்டும். விவசாயிகளின் பெயர்ப் பட்டியலை ஏற்கெனவே வைத்துள்ள கூட்டுறவுச் சங்கத்தால் இதைச் செய்ய இயலும்; மொத்தச் சந்தையால் இயலாது. நீர் மாசுக்கு விவசாயியைத் தண்டிப்பதும் முறையன்று. கழிவை ஆற்றில் கலக்கவிட்டது நகரமே.

எல்லோருக்கும் ஒரே சீட்டு அன்று

மருத்துவ வரம்புகளையும் மறக்கலாகாது. கீரையில் உள்ள இரும்புச் சத்தில் சிறு பகுதியையே உடல் கிரகிக்கிறது. கொய்யா, நெல்லி, எலுமிச்சை போன்ற வைட்டமின் சி நிறைந்தவற்றைச் சேர்த்து உண்ணும்போது அது கூடுகிறது. உணவோடு காபி, தேநீர் அருந்தினால் குறைகிறது. கடும் ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை தவிர்க்க முடியாதது. காய்கறிச் சீட்டு அதற்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குப் பொட்டாசியம் மிகுந்த சில கீரைகளும் பழங்களும் ஆபத்தானவை. எனவே சீட்டை எழுத மருத்துவரே வேண்டும். "உணவே மருந்து" என்ற பழமொழியைச் சொல்லி, மருந்தை நிறுத்தச் சொல்வோருக்கு இதில் இடம் தரக் கூடாது.

தட்டில் நடக்கும் அரசியல்

தட்டில் எதை வைப்பது என்பது எப்போதுமே அரசியல்தான். கர்நாடகத்தில் 2021 டிசம்பரில், கல்யாண கர்நாடகப் பகுதியின் பள்ளிக் குழந்தைகளுக்கு முட்டை வழங்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தனர். முட்டை வேண்டாதோருக்கு வாழைப்பழம் என்ற ஏற்பாட்டுடன் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. அஸிம் பிரேம்ஜி அறக்கட்டளையின் சுமார் ரூ. 1,500 கோடி உதவியுடன், வாரத்துக்கு ஆறு நாள்களும் வழங்க 2024-இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. குழந்தைகளின் குரல் மேலோங்கினால் எதிர்ப்புகள் தணியும் என்பதற்கு இது சான்று.

மத்திய அரசின் பங்கு என்ன? அரசியல் சாசனத்தின் 47-ஆவது பிரிவு, மக்களின் ஊட்டச்சத்து நிலையை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமை என்கிறது. ஆனால், 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயவிலைக் கடை மூலம் வழங்குவது அரிசி, கோதுமை, சிறுதானியம் ஆகியவற்றையே. பள்ளி மதிய உணவில் மட்டும் தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 50 கிராம், உயர் தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 75 கிராம் காய்கறி என்று விதி உள்ளது. பள்ளி வாசலைத் தாண்டியதும் காய்கறி சட்டத்தின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. கூடுதல் அரிசிக்குப் பதிலாகப் பருப்பு, எண்ணெய் உள்ளிட்ட பொருள்கள் அடங்கிய தொகுப்பை வழங்கக் கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் முடிவு செய்தது. வயிற்றை நிரப்புவதிலிருந்து சத்தை நோக்கிய நகர்வு அது. எனினும், அழுகும் பொருள் என்பதால் காய்கறி அதிலும் இடம்பெறவில்லை.

பணமாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்போர் உண்டு. பணம் மக்களின் தெரிவை மதிக்கிறது, நிர்வாகமும் எளிது. ஆனால், கடன் தவணையும் வாடகையும் காத்திருக்கும் வீட்டில் அந்தப் பணம் காய்கறியாக மாறும் என்பதற்கு உறுதி இல்லை. விலை ஏறும்போது அதன் மதிப்பும் சுருங்குகிறது. சீட்டோ, விலை எவ்வளவு ஏறினாலும் குறிப்பிட்ட அளவு கீரையைத் தந்தாக வேண்டும். அதேவேளையில், தினக்கூலி இழந்து வரிசையில் நிற்க வைக்கும் திட்டமாக அது மாறிவிடவும் கூடாது. மாலையில் திறந்திருக்கும் கடையும், வீட்டருகே வரும் வண்டியும் இல்லாவிட்டால் சீட்டு வெறும் காகிதமே.

தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இங்கு உள்ளன. வீடு தேடிச் சென்று சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வழங்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதோ, பெங்களூருவின் காய்கறிக் கூடையான கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில். மாத்திரை செல்லும் அதே வழியில், அந்த ஊர்த் தோட்டத்துக் காய்கறியும் செல்வது நடக்காத செயலன்று.

பெரும் திட்டமாக அறிவித்துவிட்டுப் பிறகு தடுமாறுவதைவிட, பெங்களூருவின் சில வார்டுகளில் ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளிடம் ஓராண்டுக்கு இதைச் சோதித்துப் பார்க்கலாம். தேசிய சுகாதாரத் திட்ட நிதியிலிருந்து மத்திய அரசு ஒரு பகுதியையும், மாநில அரசு மறுபகுதியையும் ஏற்கலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு உயர்ந்தது, பிறந்த குழந்தையின் எடை எவ்வளவு என்று அளந்து, முடிவு எதுவாயினும் மக்கள் முன் வைக்க வேண்டும். பெங்களூருவில் அதற்கான ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் பஞ்சமில்லை.

400 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்று குடிமக்களுக்கு அறிவுறுத்துவது அரசு நிறுவனம். அதை வாங்க இயலாதவர்கள் கோடிக்கணக்கில் உள்ளனர் என்பதும் அரசு அறிந்ததே. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை யார் கடப்பது என்பதே தில்லியும் பெங்களூருவும் பதிலளிக்க வேண்டிய கேள்வி. இதுவரை அந்தச் சுமையை ஏழை நோயாளியே தனியாகச் சுமந்து வருகிறார்.